லேசர் முடி நீக்கம் எனக்குச் சரிப்படுமா? டர்பனில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலியிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. அதில் ஒன்பது வருஷம் ஒரு தோல் மருத்துவரிடம் லேசர் அறையில் செவிலியராக இருந்தேன். இப்போது சனிக்கிழமைகளில் சாட்ஸ்வர்த்தில் சிறுபிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். வகுப்பு முடிந்து பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் அம்மாக்களில் யாராவது ஒருவர் கொஞ்சம் பின்தங்கி நிற்பார். எல்லாரும் போனதும், "அக்கா, ஒன்று கேட்கணும்" என்று தாடையைக் கையால் மறைத்துக்கொண்டு வருவார். அப்படி வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் எழுதி வைக்கிறேன். கேட்கக் கூச்சப்படுகிறவர்களும் படித்துக்கொள்ளலாம்.

அக்கா, முதலில் இதைச் சொல்லுங்கள். முடியை எடுத்துத்தான் ஆக வேண்டுமா?

வேண்டாம். மேலுதட்டில், கையில், காலில் முடி இருப்பது நோய் இல்லை, அழுக்கும் இல்லை. உங்களுக்கே அது தொந்தரவாக இருந்தால் எடுக்கலாம். மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்கள், நாத்தனார் ஜாடையாகச் சொன்னாள் என்பதற்காக மட்டும் வந்தவர்களை, "ஒரு மாதம் யோசித்துவிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். பாதிப் பேர் வரவில்லை. அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் தினமும் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன் அரை மணி நேரம் ட்வீசரோடு உட்கார்ந்து, தோலெல்லாம் புண்ணாகி அழுகிற பெண்களும் உண்டு. அவர்களுக்கு லேசர் பெரிய விடுதலை. நீங்கள் இதில் எந்தப் பக்கம் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

லேசர் என்னதான் செய்கிறது?

முடியின் கருப்பு நிறத்துக்குக் காரணம் மெலனின் என்ற நிறமி. லேசர் ஒளியை அந்த நிறமி உறிஞ்சிச் சூடாகிறது. அந்தச் சூடு மயிர்க்காலுக்கு இறங்கி, முடியை வளர்க்கும் இடத்தைச் சுட்டுவிடுகிறது. சுற்றியுள்ள தோலைச் சுடாமல் நிறமியை மட்டும் குறிவைக்க முடியும் என்பதை ஆண்டர்சன், பேரிஷ் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் 1983இல் விளக்கினார்கள். இன்றுள்ள எல்லா முடி லேசர்களும் அந்த அடிப்படையில்தான் வேலை செய்கின்றன.

கறுப்பைத் தேடிப்போகும் ஒளி என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால், கீழே வரும் பதில்களில் முக்கால்வாசி உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

என் தோல் நல்ல கறுப்பு. எனக்குப் போடலாமா?

போடலாம். ஆனால் எந்த மெஷின் என்று கேட்காமல் படுக்காதீர்கள். ஒளி கறுப்பைத் தேடுகிறது என்றேனே. நம் தோலிலும் அதே மெலனின் இருக்கிறது. முடிக்குப் போக வேண்டிய சூட்டைத் தோல் வழிமறித்து வாங்கிக்கொண்டால் கொப்புளம், கருந்திட்டு, சில சமயம் வெள்ளைத் திட்டு.

தோல் மருத்துவர்கள் வெயிலில் தோல் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்து அதை ஆறு வகையாகப் பிரிப்பார்கள். ஃபிட்ஸ்பாட்ரிக் அளவு என்று பெயர். வெயில் பட்டால் சிவந்து உரிகிற வெள்ளைக்காரத் தோல் முதல் வகை. ஒருநாளும் சிவக்காத மிகக் கரிய தோல் ஆறாம் வகை. நம்மவர்களில் பெரும்பாலோர் நான்கு, ஐந்து. சிலர் ஆறு. ஒரே வீட்டில் அக்கா நாலாக இருப்பாள், தங்கை ஆறாக இருப்பாள். அதனால் அக்காவுக்குப் போட்ட அளவைத் தங்கைக்கு வைக்கக் கூடாது.

முடி நீக்கத்துக்கு இன்று புழக்கத்தில் இருப்பவை முக்கியமாக மூன்று லேசர்கள். அலெக்சாண்ட்ரைட், 755 நானோமீட்டர். டயோடு, 800 முதல் 810 வரை. என்டி யாக், 1064. இந்த எண் ஒளியின் அலைநீளம். அது கூடக் கூட, ஒளி மேல்தோலின் மெலனினில் குறைவாகச் சிக்கி ஆழமாக இறங்கும். அதனால் ஐந்து, ஆறாம் வகைத் தோலுக்கு 1064 உள்ள என்டி யாக்தான் பாதுகாப்பானது. நாலாம் வகைக்கு டயோடும் நல்ல குளிரூட்டும் வசதியோடு, அனுபவமுள்ளவர் கையில் சரிவரும். வெள்ளைக்காரப் பெண்களுக்கு அருமையாக வேலை செய்கிற அலெக்சாண்ட்ரைட்டை நம் கறுப்புத் தோலில் வைப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என்டி யாக்கில் வலி கொஞ்சம் கூட, மெல்லிய முடிக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது. இருந்தாலும் முகத்தில் தழும்போடு வீட்டுக்குப் போவதற்கு இது மேல்.

எந்த மெஷினாக இருந்தாலும் முதலில் காதுக்குக் கீழே, இல்லையென்றால் தாடைக்கு அடியில், சின்ன இடத்தில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நம் தோலில் கருமை உடனே தெரியாது, சில நாள் கழித்துத்தான் ஏறும். இரண்டு நாளாவது கண்டிப்பாகப் பொறுக்க வேண்டும். ஒன்றிரண்டு வாரம் பொறுத்தால் இன்னும் நல்லது. "இன்றைக்கே முழு முகமும் போட்டுவிடலாம், தள்ளுபடி இன்றோடு முடிகிறது" என்று சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

பார்லரில் மலிவாக 'லைட்' போடுகிறார்கள். அதுவும் லேசர்தானே?

இல்லை. அது ஐபிஎல். கிரிக்கெட் இல்லை, பளிச்சென்று வெட்டும் ஒருவகை விளக்கு. லேசரில் ஒரே அலைநீளம்தான் வரும். ஐபிஎல்லில் ஏறக்குறைய 500இலிருந்து 1200 வரை பல அலைநீளங்கள் கலந்து வரும். வடிகட்டி போட்டுக் குறைந்த அலைநீளங்களை வெட்டலாம், ஆனாலும் கறுப்புத் தோலில் தவறு நடக்க இடம் அதிகம்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. லேசர் அறைக்கு வேலைக்குச் சேர்வதற்கு முன், தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போகிற அவசரத்தில், இங்கே ஒரு பார்லரில் கன்னத்து ஓரத்தில் ஐபிஎல் போட்டுக்கொண்டேன். போட்ட பெண் நல்ல பெண். அவளுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அன்று ராத்திரி எரிச்சல். மூன்றாம் நாள் மெஷின் முனையின் வடிவத்திலேயே நீள்சதுரமாக, வரிசையாக ஆறு கருந்திட்டுகள். கல்யாணப் படங்கள் எல்லாவற்றிலும் நான் முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டுதான் நிற்கிறேன். திட்டு மங்க எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதத்தில் ஒருநாள்கூட யாராவது என் கன்னத்தைப் பார்க்கிறார்களா என்று யோசிக்காமல் வெளியே இறங்கியதில்லை. நீங்கள் கேட்காவிட்டாலும் மெஷின் பெயரைக் கேளுங்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

தாடையிலும் கழுத்திலும் கெட்டியாகக் கருமுடி வருகிறது. நேராக லேசருக்கு வரலாமா?

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் உட்காரவைத்துப் பேசுவேன். வர வேண்டாம். முதலில் இரத்தப் பரிசோதனை.

மேலுதட்டில் பூனை முடி என்பது வேறு. தாடை, தாடைக்கு அடி, கன்னத்துக் கிருதா, மார்பு நடு, தொப்புளுக்குக் கீழ் என்று ஆண்களுக்கு முடி வரும் இடங்களில் கெட்டியாக, கருப்பாக வந்தால் உள்ளே ஆண் ஹார்மோன் கூடியிருக்கலாம், அல்லது மயிர்க்கால்கள் அந்த ஹார்மோனுக்கு அதிகமாக ஆடிக்கொண்டிருக்கலாம். பெரும்பாலும் காரணம் நீர்க்கட்டி என்று நாம் சொல்கிற பிசிஓஎஸ். மாதவிலக்கு தள்ளிப்போகிறதா? முகப்பரு விடாமல் வருகிறதா? உச்சந்தலையில் முடி மெலிகிறதா? இடுப்பைச் சுற்றி எடை ஏறுகிறதா? இதில் ஒன்றிரண்டுக்கு ஆமாம் என்றால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். மாதவிலக்கு சரியாக வருகிறவர்களுக்கும் பிசிஓஎஸ் இருக்கலாம். டெஸ்டோஸ்டிரோன், தைராய்டு, புரோலாக்டின், சர்க்கரை ஆகியவற்றைப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் ஸ்கேன்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கழுத்துப் பின்புறமும் அக்குளும் வெல்வெட் மாதிரி தடித்துக் கறுத்திருக்கும். "சரியாகத் தேய்த்துக் குளி" என்று அம்மாக்கள் பீர்க்கங்கூட்டை வைத்துத் தேய்த்துவிடுவார்கள். பார்லரில் ஸ்க்ரப் போடுவார்கள். அது அழுக்கு இல்லை, கண்ணு. பெரும்பாலும் உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளம். டர்பனில் நம்மவர் வீடுகளில் சர்க்கரை நோய் இல்லாத வீடு எது? அந்தக் கருமையைப் பார்த்தவுடன் சர்க்கரையைப் பரிசோதித்தால் பத்து வருஷம் முன்னாலேயே விழித்துக்கொள்ளலாம். அந்தக் கறுத்த தோலின் மேல் லேசர் போட்டால் சுடும் ஆபத்தும் அதிகம்.

லேசர் இன்று இருக்கிற முடியைத்தான் சுடும். ஹார்மோன் அப்படியே இருந்தால், பக்கத்தில் தூங்கிக்கொண்டிருக்கும் பூனை முடிகளை அது ஒவ்வொன்றாகக் கருமுடியாக மாற்றிக்கொண்டே இருக்கும். நீங்களும் காசு கட்டிக்கொண்டே இருப்பீர்கள். அதனால் மாத்திரையும் லேசரும் சேர்ந்து போக வேண்டும். கருத்தடை மாத்திரை, ஆண் ஹார்மோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் போன்றவற்றை மருத்துவர் எழுதித் தரலாம். முடியில் மாற்றம் தெரிய ஆறு மாதம் பிடிக்கும். ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடும்போது கர்ப்பம் தரிக்கக் கூடாது. கல்யாணமாகிக் குழந்தைக்குக் காத்திருப்பவர்கள் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எடை கூடியிருப்பவர்கள் கொஞ்சம் குறைத்தாலும் ஹார்மோன் இறங்கும்.

சில மாதங்களுக்குள் திடீரென்று முடி அடர்ந்து, குரலும் கட்டையாகி, தலையில் வழுக்கையும் விழுந்தால் அது அவசரம். அபூர்வமாகச் சினைப்பையிலோ அட்ரீனல் சுரப்பியிலோ கட்டி இருக்கலாம். அந்த வாரமே மருத்துவரிடம் போங்கள்.

லேசர் போட்டால் முடி கூடிவிடும் என்கிறார்களே, உண்மையா?

வதந்தி என்று தள்ள முடியாது. சிலருக்கு நடக்கிறது. லேசர் போட்ட இடத்திலோ அதன் ஓரத்திலோ பூனை முடி கருமுடியாக மாறிவிடும். எல்லாருக்கும் வராது. ஆனால் வருகிறவர்களில் இந்தியத் தோல்காரப் பெண்களும் மத்தியக் கிழக்குப் பெண்களும் அதிகம். இடமும் பெரும்பாலும் முகமும் கழுத்தும்தான். ஏன் என்று முழுதாகப் பிடிபடவில்லை. மயிர்க்காலைக் கொல்லப் போதாத இளஞ்சூடு அதைத் தட்டி எழுப்பிவிடுகிறது என்பது பலரும் சொல்லும் காரணம். ஹார்மோன் கோளாறு உள்ளவர்களுக்கு வாய்ப்பு இன்னும் கூட.

அதனால் என் கருத்து இது. கன்னம் முழுக்கப் பூனை முடி மட்டும் இருக்கிறவர்கள் லேசர் பக்கமே போகாதீர்கள். லேசருக்குப் பிடிக்க அங்கே கறுப்பும் இல்லை. கெட்டி முடி உள்ள இடத்தில் மட்டும், போதுமான சக்தியோடு, எல்லை தாண்டாமல் போட வேண்டும். இரண்டு மூன்று சிட்டிங் ஆன பிறகு ஓரங்களில் புதுசாக முடி தெரிந்தால் சொல்லுங்கள். முதல் நாள் எடுத்த படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். படம் எடுக்காத இடத்தில் இதை நிரூபிக்கவே முடியாது.

அப்படியானால் நிரந்தரமாகப் போகாதா?

'நிரந்தரமாக நீங்கும்' என்று எழுதியிருந்தால் நம்பாதீர்கள். அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் எஃப்டிஏ லேசருக்கு அனுமதித்திருக்கும் சொல் 'நிரந்தரக் குறைப்பு'. அதாவது எண்ணிக்கை நன்றாகக் குறையும், மிச்சம் மெலிந்து வளரும், அந்த நிலை நீடிக்கும். சிலருக்கு வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.

முடி எல்லாம் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. சில வளரும், சில ஓய்ந்திருக்கும். லேசர் வளர்கிற முடியைத்தான் பிடிக்கும். அதனால்தான் ஆறு முதல் எட்டு சிட்டிங். முகத்துக்கு நாலிலிருந்து ஆறு வாரம், உடம்புக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் இடைவெளி. அக்குளும் காலும் நன்றாகக் கேட்கும். தாடை பிடிவாதம் பிடிக்கும்.

எனக்கு வயது 54. தாடையில் பாதி நரை.

நரைக்கு லேசர் வேலை செய்யாது, ஆன்ட்டி. தேடிப்போக நிறமியே இல்லையே. மிச்சமிருக்கும் கருமுடியை வேண்டுமானால் எடுக்கலாம். நரைக்கு எலக்ட்ராலிசிஸ் உண்டு. ஒவ்வொரு முடியின் காலிலும் மெல்லிய ஊசி விட்டு மின்சாரத்தால் அழிப்பது. 1875இல் ஒரு கண் மருத்துவர் உள்நோக்கி வளர்ந்த இமை முடிக்காகத் தொடங்கிய வழி. நிறம், தோல் எதுவும் அதற்குக் கணக்கில்லை, நிரந்தரமாகவும் போகும். ஆனால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும், பொறுமை வேண்டும். தாடையில் பத்து இருபது முடி என்றால் எனக்கு அதுதான் நல்ல வழியாகத் தெரிகிறது.

எந்த மாதம் தொடங்கலாம்?

ஊர்ப் பத்திரிகையில் நவம்பர், டிசம்பரில் தொடங்கச் சொல்வார்கள். இங்கே கணக்கு தலைகீழ். டிசம்பர், ஜனவரி என்றால் டர்பனில் கொளுத்தும் வெயில், கடற்கரை, அதோடு தைப்பூசக் காவடி. வெறுங்காலோடு, திறந்த தோளோடு மணிக்கணக்கில் வெயிலில் நடந்துவிட்டு வந்தவருக்கு அடுத்த வாரம் லேசர் போட முடியாது. தோல் வெயிலில் கறுத்திருக்கும்போது போட்டால் சுட்டுவிடும். குறைந்தது நான்கு வாரம் தள்ள வேண்டும்.

ஈஸ்டர் சமயத்துத் தீமிதி, மாரியம்மன் கோவில் விசேஷம், சித்ரா பருவக் காவடி எல்லாம் முடிந்து மே மாதத் தொடக்கத்தில் ஆரம்பியுங்கள். ஆறு வாரத்துக்கு ஒன்று என்றால் ஆறாவது சிட்டிங் டிசம்பர் முதல் வாரத்தில் முடியும். குளிர்காலத்திலும் டர்பன் வெயிலுக்கு விடுமுறை கிடையாது. அதனால் எஸ்பிஎஃப் 30க்கு மேல் உள்ள சன்ஸ்கிரீனைத் தினமும் போட வேண்டும்.

மொட்டை போடும் நேர்த்திக்கும் லேசருக்கும் சம்பந்தமில்லை. தலை முடி அதன்பாட்டுக்கு வளரும். அலகு குத்திக்கொள்கிறவர்கள் அந்தப் புண் முழுதாக ஆறும்வரை அந்த இடத்தில் லேசர் வைக்கக் கூடாது. வரும் அன்று முகத்தில் மஞ்சள், திருநீறு, குங்குமம், க்ரீம் எதுவும் இல்லாமல் கழுவிவிட்டு வாருங்கள். பச்சை குத்திய இடத்தின் மேல் லேசர் கூடவே கூடாது, சுட்டுவிடும். மருதாணி, அதிலும் கறுப்பு மருதாணி வைத்திருந்தால் மங்கிய பிறகு வாருங்கள்.

இடையில் நூல் போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. நூல், வேக்ஸ், ட்வீசர், எபிலேட்டர் எல்லாம் முடியை வேரோடு பிடுங்கிவிடும். உள்ளே முடி இருந்தால்தானே ஒளி அதன் வழியாக இறங்கும்? தொடங்குவதற்கு நான்கு வாரம் முன்னாலிருந்து, கடைசி சிட்டிங் வரை பிடுங்கக் கூடாது. ஷேவ் செய்யலாம். போடுவதற்கு முந்தின நாள் ஷேவ் செய்துகொண்டுதான் வர வேண்டும்.

"முகத்தில் ரேசரா, அக்கா!" என்று அலறாத பெண்ணை நான் பார்த்ததில்லை. ஷேவ் செய்தால் முடி தடித்து வளரும் என்பது நம் பாட்டிமார் காலத்திலிருந்து வருகிற பயம். மயிர்க்கால் தோலுக்கு அடியில் இருக்கிறது. மேலே வெட்டியது அதற்குத் தெரியாது. முடியின் நுனி இயல்பாகக் கூராக இருக்கும். ரேசர் அதை மொட்டையாக வெட்டுவதால் மறுபடி வளரும்போது கையில் சொரசொரப்பாகத் தட்டுகிறது, அவ்வளவுதான். இருந்தாலும் ஏழு மாதம் முகத்தை ஷேவ் செய்வது மனசுக்குச் சுலபம் இல்லை. வீட்டில் எல்லாரும் சேர்ந்து இருக்கும் கூட்டுக் குடும்பத்தில் இன்னும் கஷ்டம். அதற்கு மனம் ஒப்பவில்லை என்றால் லேசர் இப்போது வேண்டாம். நூலே போதும். அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

வலிக்குமா?

ரப்பர் பேண்டை இழுத்துத் தோலில் அடித்தது போல, கூடவே சுருக்கென்று சூடு. அக்குளைவிட மேலுதட்டில் அதிகம் வலிக்கும். மரக்கும் க்ரீமைச் சின்ன இடத்தில், மருத்துவர் சொன்ன அளவில் போடலாம். ஆனால் இரண்டு காலிலும் அப்பி, பிளாஸ்டிக் சுற்றிக்கொண்டு காரில் வராதீர்கள். அமெரிக்காவில் 22 வயதும் 25 வயதுமான இரண்டு பெண்கள் அப்படிச் செய்து உயிரை விட்டார்கள். அதன் பிறகு எஃப்டிஏ 2007இல் எச்சரிக்கை வெளியிட்டது. அந்த மருந்து இரத்தத்தில் கலந்தால் இதயத்தையும் மூளையையும் தாக்கும்.

போட்டு முடித்ததும் மயிர்க்கால்களைச் சுற்றிச் சின்னச் சின்னத் தடிப்பும் சிவப்பும் வரும். ஓரிரு நாளில் அடங்கும். ஈரத் துணி, கற்றாழை ஜெல் போதும். இரண்டு நாள் சுடுதண்ணீர்க் குளியல், ஜிம், நீச்சல் வேண்டாம். ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் கருகிய முடி தானாக உதிரும், தேய்க்காதீர்கள். கொப்புளம் வந்தாலோ தோல் சாம்பல் நிறமாகத் தெரிந்தாலோ காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

புற்றுநோய் வருமா? பிற்காலத்தில் குழந்தை பிறப்பதற்குத் தடையாகுமா?

இரண்டும் இல்லை. இது ஒளி. எக்ஸ்ரே போல உடல் செல்லின் உள்ளே புகுந்து கெடுக்கும் கதிர் அல்ல. சில மில்லிமீட்டர்தான் இறங்கும், கருப்பை வரை போகாது. அந்தப் பயத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1920களில் அமெரிக்காவில் அழகு நிலையங்களில் எக்ஸ்ரே வைத்தே முடி எடுத்தார்கள். பிறகு அந்தப் பெண்கள் பலருக்குத் தோல் புற்றுநோய் வந்தது. இன்றைய லேசர் அந்த வகை இல்லை. கர்ப்பமாக இருக்கும்போது மட்டும் போடுவதில்லை. கெடுதல் என்று நிரூபணம் ஆனதால் அல்ல, சோதித்துப் பார்க்காத ஒன்றை அந்த நேரத்தில் ஏன் செய்ய வேண்டும் என்பதால். கர்ப்பத்தில் வரும் முடி பெரும்பாலும் பிறகு தானாகவே போய்விடும்.

கண்ணுக்குத்தான் உண்மையான ஆபத்து. கருவிழியிலும் நிறமி இருக்கிறது. புருவத்துக்கும் கண்ணுக்கும் இடையில், கண்ணைச் சுற்றி, லேசர் போடவே கூடாது. அறையில் இருக்கும் எல்லாரும் அதற்குரிய கண்ணாடி போட்டிருக்க வேண்டும், கூடவந்த அம்மாவும் சேர்த்து.

நான் மாத்திரை சாப்பிடுகிறேன், சொல்ல வேண்டுமா?

எல்லாவற்றையும் சொல்லுங்கள். க்ரூகர் பூங்காவுக்கோ மொசாம்பிக்குக்கோ போகும்போது மலேரியாவுக்காக டாக்சிசைக்ளின் சாப்பிடுவோமே, அது தோலை ஒளிக்குக் கூசவைக்கும். பருவுக்கும் அதையே தருவார்கள். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிட்டிருந்தால் அதையும், உதட்டோரம் அடிக்கடி அக்கி மாதிரி கொப்புளம் வருமென்றால் அதையும், காது குத்திய இடத்தில் தழும்பு புடைத்திருந்தால் அதையும், வெண்புள்ளி இருந்தால் அதையும் சொல்லுங்கள். மச்சத்தின் மேல் லேசர் போட விடாதீர்கள்.

முகம் வெளுக்கும் க்ரீம் போடுவதை மறைக்காதீர்கள். ஹைட்ரோகுவினோன் கலந்த அழகு க்ரீம்களைத் தென்னாப்பிரிக்கா 1990லேயே தடை செய்தது. ஆனாலும் சந்தைகளில் கைமாறி விற்கிறது. ஸ்டீராய்டு கலந்ததும் வருகிறது. மாதக்கணக்கில் அதைப் பூசிய தோல் மெலிந்து, லேசர் பட்டால் பொரிந்துபோகும். உங்களைக் குறை சொல்ல யாரும் அங்கே இல்லை. சொன்னால்தான் காப்பாற்ற முடியும்.

எங்கே போவது?

இடத்தின் பெயர் சொல்ல மாட்டேன், கேட்க வேண்டியதைச் சொல்கிறேன். இங்கே லேசரைக் கையில் பிடிப்பவர் பெரும்பாலும் மருத்துவர் இல்லை, சொமட்டாலஜிஸ்ட். தோல் பராமரிப்பும் அழகுச் சிகிச்சையும் படித்தவர். டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அதற்குப் பட்டப்படிப்பே உண்டு. நன்றாகப் படித்து வந்தவர்கள் பல மருத்துவர்களைவிடக் கவனமாகப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். பின்னால் ஒரு மருத்துவர் இருக்கிறாரா, அவர் மருத்துவர்களைப் பதிவு செய்யும் மன்றமான எச்.பி.சி.எஸ்.ஏ.வில் பதிவானவரா என்று அந்த மன்றத்தின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தட்டியே பார்த்துக்கொள்ளலாம். மெஷின் எது, என் நிறத்தில் எத்தனை பேருக்குப் போட்டிருக்கிறீர்கள், படம் காட்ட முடியுமா, சுட்டுவிட்டால் யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்ல எரிச்சல்படுகிறவர் கையில் முகத்தைக் கொடுக்காதீர்கள்.

மெடிக்கல் எய்ட் என்ற இங்குள்ள மருத்துவக் காப்பீடு இதற்குப் பெரும்பாலும் தராது, அழகுச் செலவு என்றுதான் எழுதும். ஹார்மோன் பரிசோதனை வேறு கணக்கு, அதைக் கேட்டுப் பாருங்கள். எட்டு சிட்டிங்குக்கும் முன்பணம் கட்டச் சொன்னால் முதலில் ஒன்றுக்கு மட்டும் கட்டி, தோல் எப்படி ஏற்கிறது என்று பாருங்கள். வீட்டுக் கருவி வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். அவை பெரும்பாலும் ஐபிஎல். கறுத்த தோலுக்கு ஆகாது என்று பெட்டியிலேயே நிறப் படம் போட்டிருப்பார்கள். அந்தப் படத்தில் உங்கள் நிறத்துக்கு நேரே பெருக்கல் குறி இருந்தால் வாங்காதீர்கள்.

ஆண்களுக்கும் போடுவார்களா?

போடுவார்கள். இதைப் பெரும்பாலும் மனைவிதான் வந்து கேட்பார். சுருட்டை முடிக்காரர்களுக்கு ஷேவ் செய்த பிறகு முடி உள்ளே வளைந்து குத்தி, கழுத்தெல்லாம் பருப்பருவாக வந்து கறுத்துவிடும். அதற்கு என்டி யாக் அருமையான மருந்து. நம் ஆட்களுக்கும், இங்குள்ள ஆப்பிரிக்க சகோதரர்களுக்கும் நிறையப் போட்டிருக்கிறோம். தாடி வளர்க்கும் ஆசை பின்னால் வரலாம் என்று முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள்.

என் மகளுக்கு 13 வயது. பள்ளிக்கூடத்தில் மீசை என்று கேலி செய்கிறார்கள். அழுகிறாள். கூட்டி வரட்டுமா?

அழைத்து வாருங்கள், லேசருக்கு இல்லை, பேச. அந்த வயதில் ஹார்மோன் இன்னும் நிலைக்கவில்லை. இன்று சுட்டாலும் நாளை புதுசாக முளைக்கும். அவள் வளர்ந்து, மாதவிலக்கு ஒழுங்குபட்டு, தானே வேண்டும் என்று கேட்கும்வரை பொறுக்கலாம். கெட்டி முடியோ, ஒழுங்கில்லாத மாதவிலக்கோ இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அதுவரை அவளைச் சும்மா அழ விடச் சொல்லவில்லை. மேலுதட்டுக்குச் சின்ன ரேசரோ நூலோ போதும். அவள் கேட்டால் நீங்களே செய்துவிடுங்கள், பார்லர் நாற்காலியில் பத்துப் பேர் முன்னால் வேண்டாம். கடலை மாவு, கஸ்தூரி மஞ்சள் பூசினால் முடி போகும் என்று பாட்டி சொன்னால் பூசட்டும், தோலுக்கு இதமாக இருக்கும். முடியை அது வேரோடு எடுக்காது என்பதையும் சொல்லிவிடுங்கள், ஏமாந்து போக வேண்டாம். வகுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள். அவள் முன்னால் உங்கள் தாடையைக் கையால் மறைக்காதீர்கள். சனிக்கிழமை வகுப்பு பதினொன்றரைக்கு முடியும். எல்லாரும் போன பிறகு வாருங்கள், நான் இருப்பேன்.